திருகோணமலைச் சந்தையில் நீத்துப்பெட்டி: எதை எடுப்பது, எதை விடுவது

சந்தையில் பனையோலைச் சாமான் விற்கும் ஒரு கடையில் பிட்டு அவிக்கும் கூம்பு வடிவ ஓலைப்பெட்டியான நீத்துப்பெட்டி இரண்டு வகையில் தொங்குகிறது. ஒன்று சாயம் போடாத ஓலை. மற்றது சிவப்பும் பச்சையும் கலந்து இழைத்து, விளிம்பில் பிளாஸ்டிக் நாடா சுற்றியது. பிட்டு அவிக்க முதலாவதுதான். சாய ஓலை ஆவியில் நிறம் விடும், நாடா இளகித் தொய்யும். அழகுக்கு வேண்டுமானால் அதில் பழம் வையுங்கள்.

சாயமில்லாத பெட்டியின் இழைப்பு அருமை. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, சத்தகம் என்னும் சிறு கத்தியால் ஒரே அகலத்தில் வார்ந்திருக்கிறார்கள். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிக்கண் அளவில் ஒளி தெரிய வேண்டும். கண் பெரிதென்றால் மா கொட்டும். ஒளியே இல்லையென்றால் ஆவி ஏறாது, நடுவில் பச்சை மாவாக நிற்கும். நுனி மடிப்பையும் விரலால் தடவுங்கள். முற்றிய ஓலை அங்கேதான் முதலில் வெடிக்கும்.

அளவு சொல்லி விற்கமாட்டார்கள், அது பெரிய குறை. பானை வாயை நூலால் அளந்து கொண்டு போங்கள். கூம்பில் பாதிதான் உள்ளே இறங்க வேண்டும். நுனிக்கும் தண்ணீருக்கும் இடையில் 4 விரல் இருக்கட்டும். நுனி நனைந்தால் அடிப்பிட்டு களியாகிவிடும். பானை வாயில் ஆவி கசிந்தால் ஈரத்துணியைச் சுற்றுங்கள்.

புதுப் பெட்டியை அரை மணி நேரம் ஊறவைத்து, வெறுமனே 10 நிமிடம் ஆவியில் வைத்தால் ஓலை வாடை குறையும். பிறகு ஒவ்வொரு முறையும் நனைத்தே மா போட வேண்டும், அமுக்கக் கூடாது. ஆவி நன்றாக வந்தபின் 10 முதல் 12 நிமிடம் போதும். அலுமினியப் பாத்திரத்தில் உள்ளே வேர்த்துச் சொட்டும் நீரை இங்கே ஓலை வாங்கிக்கொள்ளும், அதனால்தான் பிட்டு இவ்வளவு உதிரியாக வருகிறது. இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம்!

சவர்க்காரம் வேண்டாம், வாசம் ஓலையில் தங்கிவிடும். கழுவியதும் கவிழ்த்து வெயிலில் வையுங்கள். மார்கழி மழையில் காயாத பெட்டியில் கரும்புள்ளி விழும். விறகடுப்புப் புகை படத் தொங்கவிட்டால் பூஞ்சணமும் பூச்சியும் அண்டுவது குறைவு. காஸ் அடுப்புக்காரர் வெயில் கண்டபோதெல்லாம் வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

அதே கடையில் கடகம் என்னும் ஓலைக்கூடையும் உண்டு: இரட்டை ஓலை, விளிம்பு நாரால் இறுக்கிப் பொத்தியது, தயங்காமல் எடுக்கலாம். அரிசி புடைக்கும் சுளகை மட்டும் விடுங்கள். விளிம்பை இரும்புக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், இந்தக் கடற்காற்றுக்கு அது துருப்பிடித்து அரிசியில் கறை ஏறும்.