“120 வருஷத்துத் தஞ்சாவூர் ஓவியம்” என்று சொல்லி ₹1,85,000 ஏமாற்றிவிட்டார்கள். தயவுசெய்து படியுங்கள்

ஆன்லைனில் பழம்பொருள் வாங்குகிறவர்களுக்காக இதை அவசரமாக எழுதுகிறேன். ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய் போய்விட்டது. பழைய ஓவியத்தை எப்படிச் சோதிப்பது, என்ன ஆவணம் கேட்பது என்பதையெல்லாம் கடைசியில் சொல்கிறேன்.

பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண், கதவு, பித்தளைச் சாமான், சாமி படங்களை ஏலம் விடுகிற ஒரு பக்கம் அது. பெயரைப் போட்டால் கேஸ் போடுவேன் என்று அதை நடத்துகிறவன் மிரட்டியிருக்கிறான், அதனால் பெயர் வேண்டாம். வெண்ணெய்க் கிருஷ்ணன் படம், தேக்குச் சட்டம், செட்டிநாட்டு வீட்டுச் சாமி அறையில் 120 வருஷமாக இருந்தது என்றார்கள்.

நான் சும்மா நம்பிவிடவில்லை. வீட்டைக் காட்டுங்கள் என்றேன். வீடியோ காலில் காட்டினான். முற்றம், பாதி பிரித்த ஓடு, வயதான ஓர் ஆச்சி. “எங்க மாமியா கும்பிட்ட படம் தம்பி. பிள்ளைகள்லாம் வெளிநாட்டுல. கண்டவன் கைக்குப் போகாம உங்க வீட்டுல விளக்கு எரிஞ்சாப் போதும்” என்றார். அதைக் கேட்ட பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்? தொல்பொருள் பதிவுச் சான்று கேட்டதற்கு, “ஆபீஸ்ல இருக்கு சார், உங்க பேருக்கு மாத்தி அனுப்புறோம்” என்றான். ₹1,85,000 முழுவதையும் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன்.

படம் வந்ததும் தஞ்சாவூரில் இந்த வகை ஓவியம் செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். படத்தைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த பழுப்புத் தாளின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினார். பலகையின் ஓரத்தில் வரிவரியாக அடுக்கு தெரிந்தது. “பிளைவுட் தம்பி. அந்தக் காலத்துல பலாப் பலகைல துணி ஒட்டித்தான் செய்வாங்க. இந்தத் தாளுக்கு டீத்தண்ணி அடிச்சு நெறம் ஏத்தியிருக்கான்” என்றார். ஆனால் சட்டம் மட்டும் நிஜமாகவே பழசு. பழைய ஆணித் துளைகள் இந்தப் பலகையோடு பொருந்தவே இல்லை. அப்படியென்றால் அந்தச் சட்டத்துக்குள் முன்பு ஒரு அசல் படம் இருந்திருக்கிறது. அதை என்ன செய்தார்கள்? பணம் போனதை விட இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அப்புறம் நடந்தது முழுக்க அலைக்கழிப்பு. முதலில் “உங்க ஆளுக்கு ஒண்ணும் தெரியாது”. பிறகு “ஓனர் ஊர்ல இல்ல”. பிறகு “ஏலப் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது”. விடாமல் கேட்டதும் சொன்னான் பாருங்கள்: “பதிவில்லாத பழம்பொருள் வாங்கினதா நாங்களே போலீஸ்ல சொன்னா மாட்டப்போறது நீங்கதான்.” அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

பலரும் வாயை மூடிக்கொள்வது இந்தப் பயத்தில்தான். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியம் தொல்பொருள். அதை வியாபாரமாக விற்கிறவனுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். ஓவியத்துக்குப் பதிவுச் சான்று வேண்டும், கைமாறினால் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். படம் பழசு என்றால் அவன் உரிமம் இல்லாமல் விற்றிருக்கிறான். புதுசு என்றால் மோசடி. எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி அவன், இதில் நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

காகிதம் கொடுத்தாலும் அப்படியே நம்பிவிட முடியாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியதே, அப்போது 1972-ல் அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே சிலை இந்தியாவை விட்டு வந்துவிட்டதாகத்தான் காகிதம் காட்டினார்கள். எல்லாம் பொய். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த, அதே சிலையைக் கோயிலில் எடுத்த பழைய புகைப்படங்கள்தான் உண்மையைக் காட்டிக்கொடுத்தன. 2014-ல் நடராஜர் திரும்பி வந்தார். அவ்வளவு பெரிய இடத்துக்கே இந்தக் கதி. உங்கள் வீட்டுச் சாமி படங்களை, விளக்குகளை இன்றைக்கே முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள்.

சரி, விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. சான்றை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். படத்தின் பின்பக்கத்தைத் தாள் இல்லாமல் காட்டச் சொல்லுங்கள். கோயில் பொருள் மாதிரி தெரிந்தால் தொடவே வேண்டாம், போலீஸின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள். பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், தாமதித்தால் கணக்கைக் காலி செய்துவிடுவார்கள். என் ₹1,85,000-க்கும் புகார் கொடுத்திருக்கிறேன்.

இன்று காலை அதே பக்கத்தில் ராமர் பட்டாபிஷேகம் ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. அதே முற்றம், அதே ஆச்சி. யாரும் பணம் கட்டிவிடாதீர்கள்.