பிராட்ஹெட் அம்பு சர்வீஸ்: வாளையார் பக்கத்துக் கடை எப்படி?

வாளையார் எல்லையை ஒட்டிய இந்தக் கடையில் பிராட்ஹெட், அதாவது அகலத் தகடு வைத்த அம்பு முனை, மாட்டி, அம்பைச் சுழற்றிப் பார்த்துத் தருகிறார்கள். 100 கிரெய்ன் முனை, சுமார் 6.5 கிராம். உருளை மேல் வைத்து ஒரு சுண்டு சுண்டினால் நுனி ஆடாமல் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். ஆடினால் பெரும்பாலும் குற்றம் முனையில் இல்லை. தண்டு வெட்டிய வாய் கோணல், இல்லையென்றால் இன்சர்ட் (முனையைத் திருகத் தண்டுக்குள் ஒட்டும் குழல்) சாய்ந்து ஒட்டியிருக்கும். வாயைச் சமமாகத் தேய்த்து, ஹாட்மெல்ட் என்னும் சூட்டில் இளகும் பசையை இளக்கி, திருப்பி உட்காரவைக்கிறார்கள். சூட்டை முனைக்குத்தான் காட்டுகிறார்கள், கார்பன் தண்டுக்கு அல்ல. அந்த ஒன்றுக்காகவே இங்கே கொடுக்கலாம்.

வில் டியூனிங்கில், அதாவது அம்பு நேராகப் போக வில்லைச் சரிசெய்வதில்தான், அவசரப்படுகிறார்கள். 20 மீட்டரில் சாதா முனையிலும் பிராட்ஹெட்டிலும் மும்மூன்று எய்து பார்க்க வேண்டும். பிராட்ஹெட் வலப்பக்கம் விழுந்தால் ரெஸ்ட்டை (வில்லில் அம்பைத் தாங்கும் பகுதி) இடப்பக்கம், அதாவது சாதா முனை விழுந்த திசையில், அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். இவர்கள் ஒரேயடியாக 2 மில்லிமீட்டர் தள்ளிவிட்டு மறுபடி தேடுகிறார்கள். அதுவும் ஆடி மாதக் கணவாய்க் காற்றில், மத்தியானத்தில்! அகலத் தகடு காற்றைப் பிடித்துத் திரும்பும்; பிழை வில்லிலா காற்றிலா என்றே தெரியாது. காலையில் போங்கள்.

இலக்குக்குக் கெட்டி ஃபோம் வைத்திருக்கிறார்கள், நல்லது. துணி மூட்டை கிழிந்துவிடும். ஒரே புள்ளியில் எய்தால் தகடு முந்தின அம்பின் இறகை அறுக்கும். பயிற்சிக்குத் தனித் தகடு வாங்கிவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்கு வேட்டை குற்றம்; எல்லாம் ஃபோமுக்குத்தான்.