எஃப்எஃப்எம்பெக்கோட பல வருஷம்: அரங்கேற்ற வீடியோ, பழைய கசெட், கூட்ட ஓடியோ

வீடியோ மாத்துறதுக்கு எது நல்லம் எண்டு ஆர் கேட்டாலும் நான் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) எண்டுதான் சொல்லுறன். கறுப்பு ஸ்கிரீன்ல கொமாண்ட் அடிச்சு வேலை வாங்குற சாமான், அதைப் பாத்த உடனயே கனபேர் விலகிப் போயிடுறாங்கள், ஆனா 2000ம் ஆண்டு ஃபப்ரீஸ் பெலார் தொடங்கின இந்த இலவச மென்பொருள்தான் வீடியோ பாக்கிற விஎல்சி, வீடியோ மாத்துற ஹேண்ட்பிரேக் எண்டு நாங்கள் பாவிக்கிற எத்தனையோ சாமானுக்கு உள்ள இருந்து வேலை செய்யுது.

எனக்கு வாற வேலை எல்லாம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து வேலைதான். அரங்கேற்றம், இலக்கியக் கூட்டம், சொந்தக்காரரிட்ட கிடக்கிற கலியாணக் கசெட். இவ்வளவு காலத்தில நான் விளங்கிக்கொண்ட பெரிய விஷயம், தேவையில்லாம திரும்ப என்கோட் பண்ணக்கூடாது, அதாவது படத்தப் பிரிச்சு மறுபடி சுருக்கி எழுதக்கூடாது. ஒவ்வொருக்காவும் தரம் கொஞ்சம் போகும், போனது திரும்பி வராது. கமரா எழுதுற எம்டிஎஸ் ஃபைல எம்பி4 ஆக்கித் தாங்கோ எண்டு கேட்டா, கனதரம் ரெண்டிலயும் உள்ள இருக்கிற படம் எச்.264 எண்ட அதே முறையில சுருக்கினதுதான், ரின்னில இருக்கிற பாலை போத்தலுக்கு ஊத்துற மாதிரி வெளிப்பெட்டிய மட்டும் மாத்தினாக் காணும். மைனஸ் சி, ஒரு இடைவெளி, கொப்பி. கொமாண்டில சேக்கவேண்டியது அவ்வளவுதான். மூண்டு மணித்தியால நிகழ்ச்சி ஒண்டு ரெண்டு நிமிஷத்தில முடியும், தரத்தில ஒரு துளியும் குறையாது. ஹேண்ட்பிரேக் நல்ல சாமான்தான், ஆனா அது வீடியோவ எப்பவும் திரும்ப என்கோட் பண்ணும், அதால இந்த வேலைக்கு சரிவராது.

அரங்கேற்றம் எடுக்கிற கமராவில மெமரி கார்ட் ஃபாட்32 முறையில ஃபோர்மட் பண்ணினது எண்டா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, அந்த இடத்தில வெட்டி அடுத்த ஃபைல தொடங்கும். வர்ணம் நீளமான உருப்படி, வெட்டு சரியா அதுக்கு நடுவிலதான் வந்து விழும். ஒரு டெக்ஸ்ட் ஃபைலில ஒழுங்கா ஃபைல் பேருகள எழுதி, கொன்கட் எண்ட ஒட்டுற வசதிக்கு குடுத்தா எல்லாம் ஒண்டா ஒட்டுப்பட்டிடும், அதுவும் கொப்பி முறையில, ஒட்டின இடம் எதெண்டு தேடினாலும் தெரியாது.

சத்தத்த மிக்சரில இருந்து வேற ரெக்கோடர்ல எடுத்திருப்பாங்கள், அதை படத்தோட சேக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச வேலை. நட்டுவாங்கம் செய்யுறவரிட தாளம் முதல்தரம் ஒண்டோட ஒண்டு முட்டுற ஃப்ரேம படத்தில பாத்து, ஓடியோவில அதே சத்தம் எந்த செக்கனில எழும்புது எண்டு பாத்து, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த மைனஸ் ஐடிஎஸ்ஓஃப்செட்டில குடுக்கவேணும், அந்த ஒப்ஷன் எந்த ஃபைலுக்கோ அதுக்கு முன்னால வரவேணும். அலாரிப்புக்கு சரியா இருக்கிறது தில்லானாவுக்கு வரேக்க கொஞ்சம் விலகும், ரெண்டு மெஷினிலயும் உள்ள மணிக்கூடு ஒரே வேகத்தில ஓடாது, அப்ப ஏடெம்போ எண்ட வேகம் மாத்துற ஃபில்டரால ஓடியோவ ஒரு மயிரிழை நீட்டி எடுக்கிறன். காலும் சதங்கையும் ஒண்டா விழாட்டி அந்தப் பிள்ளை வருஷக்கணக்கா ஆடிப் பழகினதுக்கு என்ன மரியாதை?

கொப்பி முறையில வெட்டேக்க ஒண்டு கவனிக்கவேணும், வெட்டு கீஃப்ரேமிலதான் தொடங்கும், கீஃப்ரேம் எண்டா மற்ற ஃப்ரேம நம்பாம முழுப்படமா எழுதின ஃப்ரேம். கமரா ஃபைலில அது கிட்டக்கிட்ட வரும், டவுன்லோட் பண்ணின ஃபைலில அஞ்சு பத்து செக்கன் தள்ளியும் இருக்கலாம். பிசகில்லாம வெட்டவேணுமெண்டா அங்க மட்டும் என்கோட் பண்ணத்தான் வேணும்.

2022 மார்ச் கடைசில 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாம இருந்த காலத்த கொழும்பில ஒருத்தரும் மறக்க மாட்டினம். எது எங்க இருக்கு எண்டு சொல்லுற எம்பி4 ஃபைலிட அட்டவணைய கடைசியிலதான் எழுதும், அதால பாதியில கரண்ட் போனா எத்தனை ஜிபி எழுதியிருந்தாலும் திறக்காது. எம்கேவி எண்ட மற்ற வெளிப்பெட்டி அப்பிடி இல்ல, நிண்ட இடம் வரைக்கும் ஓடும். அந்த நேரத்தில இருந்து நீளமான என்கோட் எல்லாத்தையும் எம்கேவியில எடுத்து, முடிஞ்சாப் பிறகு கொப்பி பண்ணி எம்பி4 ஆக்கிறன், அதோட ஃபாஸ்ட்ஸ்டார்ட் எண்ட ஒப்ஷனும் போடுறன், அது அந்த அட்டவணைய முன்னுக்கு கொண்டந்து வைக்கும், ரொறன்ரோவில இருக்கிறவை லிங்க அமத்தினோடன படம் ஓடத் தொடங்கும்.

பழைய விஎச்எஸ் கசெட் எல்லாம் இங்க பால் (PAL) எண்ட டீவி முறை, கொம்பியூட்டருக்கு எடுத்தா 720க்கு 576, செக்கனுக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொண்டும் ஒரு வரி விட்டு ஒரு வரியா ரெண்டு பாதியா. அப்பிடியே கொம்பியூட்டரில ஓட விட்டா தாலி கட்டேக்க அசையுற கை விளிம்பில கோடு கோடா நிக்கும். பிடபிள்யூடிஃப் ஃபில்டர் ரெண்டு பாதியையும் தனித்தனி ஃப்ரேமாக்கி 50 ஆக்கித் தரும், அசைவு டீவியில அண்டைக்கு பாத்த மாதிரியே வழுக்கிக்கொண்டு போகும். பிறகு எக்ஸ்264 எண்ட எச்.264 என்கோடர், சிஆர்எஃப் 18. சிஆர்எஃப் எண்டது தரத்துக்கான எண், குறையக் குறையத் தரம் கூடும். டிஃபோல்ட் 23, வட்ஸ்அப்பில அனுப்புறதுக்கு அது காணும், வச்சிருக்கிற பிரதிக்கு காணாது.

தமிழ்ச் சங்கம் மாதிரி மண்டபத்தில எடுத்த பேச்சு எண்டா பேசுறவர் மெல்லமா இருப்பார், கைதட்டு காதப் பிளக்கும். சத்தத்த ஒரு மட்டத்துக்கு கொண்டுவாற லவுட்னோர்ம் ஃபில்டர் பேச்சுக்கு அருமை. கச்சேரிக்கு ஒரே ஓட்டத்தில செய்தா பாட்டு நிக்கிற இடமெல்லாம் தம்புராச் சத்தத்த கூட்டிப்போடும், அதால கச்சேரி எண்டா ஒருக்கா ஓட்டி அளந்து, அந்த அளவ ரெண்டாவது ஓட்டத்தில குடுத்து லீனியரா, அதாவது முழுக்க ஒரே அளவில கூட்டியோ குறைச்சோ செய்யவேணும். ஓடியோவிட சாம்பிள் வேகத்த சொல்லுற மைனஸ் ஏஆர் 48000ம் போடுங்கோ, இல்லாட்டி வேவ் ஃபைல் 192 கிலோஹேர்ட்ஸில வந்து நிக்கவும் கூடும்.

குறை எண்டா, எத்தனை வீதம் முடிஞ்சுது எண்டு காட்டாது, பிழை ஒண்டு வந்தா பந்தி பந்தியா எழுதும், காரணம் எங்கயோ நடுவில கிடக்கும். மற்றது தமிழ் எழுத்து. உருப்படிப் பேர படத்தில போட பழைய பதிப்புகளில ட்ரோடெக்ஸ்ட் எண்ட எழுத்துப் போடுற ஃபில்டர பாவிச்சா பைரவியிட சங்கிலிக்கொம்பு ‘ப’வுக்குப் பின்னால போய் நிக்கும், அதோட ஒரு பிள்ளையிட அரங்கேற்ற வீடியோவ குடுக்க மனம் வராது. அதால பேருகள ஏஎஸ்எஸ் சப்டைட்டில் ஃபைலா எழுதி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு குடுத்து, சப்டைட்டில்ஸ் ஃபில்டராலதான் படத்தில பதியுறன், கொம்பு, கால், புள்ளி எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில இருக்கும்.