ஆவணத்தில் பிழை: விக்கியிலேயே திருத்துவதா, புல் ரிக்வெஸ்ட் போடுவதா, இஷ்யூவோடு நிறுத்துவதா?

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் ஆவணத்தில் ஒரு கட்டளை தப்பாக இருக்கிறது, அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் அது தெரிய வருகிறது. தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் வேலை பார்க்கும் நம்மில் பலர் அப்போது செய்வது, சரியான கட்டளையை டீமின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவது. அந்தப் பக்கம் அப்படியே கிடக்கும், அடுத்த ஆள் வந்து அதே இடத்தில் மாட்டுவார். சரி, திருத்தியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தால் எந்த வழியில் போவது? விக்கி (பக்கத்தை நேரடியாகத் திருத்துவது), புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தை எழுதி, சேர்த்துக்கொள்ளச் சொல்லித் திட்டத்துக்கு அனுப்புவது), இஷ்யூ (பிழை இருக்கிறது என்று புகார் மட்டும் பதிவது) என்ற மூன்று வழிகளையும் ஒரே உதாரணத்தை வைத்துப் பார்த்துவிடலாம்.

ஏதோ ஒரு பைத்தான் கருவியின் நிறுவல் பக்கத்தில் 'பிப் இன்ஸ்டால்' என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள் (பிப் என்பது பைத்தான் பொதிகளை நிறுவும் கருவி). 2023 ஜூனில் வந்த டெபியன் 12 லினக்ஸில் அந்த வரியை அப்படியே அடித்தால் பிப் மறுத்துவிடும், இந்தச் சூழலை நிர்வகிப்பது வேறு ஆள் என்று ஒரு நீளமான பிழைச்செய்தி வரும். காரணம் பெப் 668 என்ற பைத்தான் தரநிலை. டெபியனின் சொந்த நிறுவல் கருவியான ஆப்ட் நிறுவி வைத்திருக்கும் பைத்தான் கோப்புகளுக்கு நடுவே பிப் போய்க் கண்டதையும் கொட்டிக் கெடுக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு அது. பிழைச்செய்தியே மாற்று வழிகளையும் சொல்கிறது: ஆப்ட் வழியாக நிறுவு, இல்லையென்றால் வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) ஒன்றை உருவாக்கு, இல்லையென்றால் பிப்எக்ஸ் (ஒவ்வொரு கருவியையும் தனிச் சூழலில் நிறுவுவது) பயன்படுத்து. கடைசியில், இயங்குதளமே உடையக்கூடும் என்ற எச்சரிக்கையோடு, 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஒரு ஆப்ஷனையும் காட்டுகிறது. பெயரிலேயே மிரட்டல் இருந்தும் ஜனங்கள் அதைத்தான் தேடிப் போய்ப் பிடிக்கிறார்கள்!

விக்கிக்கு வருவோம். வேகத்தில் இதை அடிக்க ஆள் இல்லை. கணக்கு இருந்தால் போதும், வேளச்சேரி ரயிலில் நின்றுகொண்டே போனில் திருத்திவிடலாம், சேமித்த அந்த நொடியே உலகத்துக்கே தெரியும். ஆனால் அதே வேகத்தில்தான் அந்த மிரட்டல் ஆப்ஷனும் பக்கத்துக்குள் நுழையும். அவசரத்தில் இருப்பவருக்கு அதைச் சேர்த்ததும் பிழைச்செய்தி மறைகிறது, 'சரிசெய்தாயிற்று' என்று சேமித்துவிடுகிறார். முன்பு அந்த வரி வேலை செய்யாமல் நின்றது, இப்போது வேலை செய்து ஆளைக் கெடுக்கிறது. இரண்டில் எது மோசம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆர்ச் லினக்ஸின் ஆவணத் தளமான ஆர்ச் விக்கி மாதிரி இடங்களில் இதற்குத் தடுப்பு உண்டு. ஏன் மாற்றினாய் என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வரி எழுதச் சொல்கிறார்கள், பெரிய மாற்றத்தை ஒரே அடியாகச் செய்யாமல் பிரித்துச் செய்யச் சொல்கிறார்கள். தப்பு என்று தெரிந்தும் சரியானது தெரியாவிட்டால், அந்தப் பகுதியின் தலையில் 'துல்லியம் சந்தேகம்', 'பழையது' என்கிற மாதிரி ஒரு பட்டையைக் காரணத்தோடு ஒட்டிவிட்டு வரலாம். இந்தப் பட்டை எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, ஏனென்றால் வாசிக்கிறவருக்கு அதே இடத்தில், அதே நேரத்தில் எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. மாற்றங்களைக் கண்காணிக்கப் பராமரிப்புக் குழுவும் இருக்கிறது. நாலு பேர் நடத்தும் சின்னத் திட்டத்தின் விக்கியில் இதெல்லாம் கிடையாது, அங்கே உரையாடல் பக்கத்தில் எழுதிப் போடுவது கிணற்றில் போட்ட கல்தான்.

புல் ரிக்வெஸ்ட் இதற்கு நேர் எதிர். இணையத் தொழில்நுட்பங்களுக்கான எம்டிஎன் ஆவணங்கள் 2005-லிருந்து விக்கியாக இருந்தன, 2020 டிசம்பரில் மொத்தத்தையும் நிரல் சேமிக்கும் தளமான கிட்ஹப்புக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது ஒரு எழுத்தை மாற்றினாலும் இன்னொருவர் பார்த்த பிறகுதான் உள்ளே போகும். நம் உதாரணத்தில் அந்த ஆப்ஷனைச் சேர்த்து யாராவது அனுப்பினால், 'இதைப் போடாதே, பிப்எக்ஸ் என்று எழுது' என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். அந்தப் பேச்சும் பதிவாகி நிற்பதால் ஆறு மாதம் கழித்து இன்னொருவர் அதே யோசனையோடு வந்தால் சுட்டியைக் காட்டிவிட்டுப் போகலாம். எனக்கு இதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது.

நஷ்டமும் இருக்கிறது. ஃபோர்க் (சொந்த நகல்), கிளை (மாற்றத்துக்கான தனித் தடம்), கமிட் (மாற்றத்தைப் பதிவது) என்று புதியவருக்கு வரிசையாக வாசல்கள். கிட்ஹப்பில் அந்தப் பென்சில் பட்டனை அழுத்தினால் பாதி வேலையை அதுவே செய்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குபெர்னடீஸ், பைத்தான் போன்ற திட்டங்களில் பங்களிப்பாளர் ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட வேண்டும், அலுவலக நேரத்தில் செய்கிற வேலை என்றால் முதலில் கம்பெனியில் கேட்டுக்கொள்வது நல்லது. அப்புறம் பதிப்புச் சிக்கல்: உங்கள் திருத்தம் முதன்மைக் கிளையில் சேர்ந்துவிடும், ஆனால் எல்லோரும் படிக்கிற பழைய பதிப்பின் பக்கத்துக்கு அது தானாகப் போகாது. பைத்தானில் இதற்கென்றே பேக்போர்ட் (பழைய பதிப்புக்கும் கொண்டுபோவது) லேபிள்கள் இருக்கின்றன, வேறு பல இடங்களில் நீங்களே ஞாபகப்படுத்த வேண்டும்.

காத்திருப்பும் உண்டு, அதில் கொஞ்சம் நம் பக்கத்துப் பழியும் உண்டு. அக்டோபரில் புல் ரிக்வெஸ்ட் அனுப்புவோருக்கு டி-ஷர்ட் தந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020-இல் அந்த டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ (திட்ட அறிமுகக்) கோப்புகளில் ஒரு சொல்லைச் செருகி ஆயிரக்கணக்கில் குப்பைப் புல் ரிக்வெஸ்ட்டுகள் வந்து விழுந்தன, பொறுக்க முடியாமல் அந்த அக்டோபர் முதல் வாரத்திலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று விதியை மாற்றினார்கள். இந்தியாவிலிருந்து போனது அதில் கணிசம் என்று அப்போதே பேச்சு. இங்கே பொறியியல் கல்லூரிகளில் 'முதல் பங்களிப்பு' பயிலரங்கு நடத்துகிறவர்கள் மாணவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: நீ திருத்துகிற வரியை உன் கணினியில் ஓட்டிப் பார்த்தாயா?

இஷ்யூ போடுவதைச் சோம்பேறி வழி என்று நினைப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. தப்பு நிச்சயம், சரியானது எது என்று தெரியாது என்றால் இதுதான் நேர்மையான வழி. ஆனால் 'நிறுவல் பக்கம் வேலை செய்யவில்லை' என்று எழுதி எந்தப் பயனும் இல்லை. திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் அதிகாரபூர்வ பைத்தான் டாக்கர் இமேஜுக்குள் (பைத்தானோடு தயாராக வரும் தனிச் சூழல்) உட்கார்ந்து அதே வரியை அடிப்பார், அங்கே அந்தப் பூட்டே கிடையாது, 'எனக்கு வேலை செய்கிறதே' என்று மூடிவிடுவார். பக்கத்தின் முகவரி, அந்த வரி, உங்கள் டிஸ்ட்ரோவும் (லினக்ஸ் வகை) பதிப்பும், வந்த பிழைச்செய்தி முழுசாக, இவ்வளவும் இருந்தால் நகரும். டெபியனில் ரிப்போர்ட்பக் என்ற கருவியே பதிப்பு விவரங்களைச் சேர்த்துக்கொண்டு அனுப்பிவிடும், மேன் பக்கப் (கட்டளைக் கையேட்டுப்) பிழைகளுக்கும் அதையே பயன்படுத்தலாம்.

நடுவழியும் ஒன்று இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் உதவிப் பக்கங்களில். திருத்துவது விக்கி மாதிரி, வெளியாவது ஒருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகு. கிட் (மாற்றங்களைப் பதியும் கருவி) கற்றுக்கொள்ள வேண்டாம், குப்பையும் உள்ளே வராது. எல்லாரும் இப்படிச் செய்தால் நன்றாக இருக்கும்தான், பார்த்துக் கொடுக்க ஆள் வேண்டுமே.

என் தேர்வு எளிது. படிப்பவர் காப்பி செய்து டெர்மினலில் ஒட்டப்போகிற வரி என்றால் புல் ரிக்வெஸ்ட், தாமதமானாலும் பரவாயில்லை. செத்த சுட்டி, மாறிப்போன மெனு பெயர், இதற்கெல்லாம் விக்கி இருந்தால் விக்கியே போதும். சரியானது தெரியாதபோது இஷ்யூ, ஆர்ச் விக்கி என்றால் பட்டை.

தமிழாக்கம் செய்கிறவர்களுக்கு இதில் தனிக் கதை ஓடுகிறது. மூல வரியையும் மொழிபெயர்ப்பையும் ஜோடியாக வைக்கும் கெட்டெக்ஸ்ட் முறையில் மொழிபெயர்க்கும் ஆவணங்களில் ஆங்கில மூலத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும், அந்த வரியின் மொழிபெயர்ப்பு எல்லா மொழிகளிலும் 'ஃபஸி' (சரிபார்க்க வேண்டியது) என்று குறிக்கப்பட்டுவிடும், தொகுக்கும்போது அது விடுபட்டு வாசகருக்கு மறுபடி ஆங்கிலமே தெரியும். ஒவ்வொரு மொழியிலும் யாராவது வந்து பார்த்து அந்தக் குறியை எடுக்க வேண்டும், தமிழில் அந்த யாராவது பெரும்பாலும் ஓரிருவர்தான். அதனால் மூலத்தில் எழுத்துப்பிழை மட்டும் என்றால் சேர்த்து வைத்து, அடுத்த வெளியீட்டுக்கான மொழிபெயர்ப்பு தொடங்கும் முன் மொத்தமாக அனுப்புங்கள். பிப் வரி மாதிரி ஆளைக் கெடுக்கிற பிழையை அன்றைக்கே, தனியாக அனுப்புங்கள்.