18 அங்குல ரிங் லைட் தொகுப்பு: ஆடிஷன் வீடியோவுக்கு வாங்கலாமா?

சிங்கப்பூரில் வசந்தம் ஒளிவழி நாடகத்துக்குப் புதுமுகம் தேடினாலும் சரி, சென்னையில் ஒரு வெப் சீரிஸுக்கு ஆள் எடுத்தாலும் சரி, இளம் நடிகருக்கு இப்போது முதல் வாசல் பெரும்பாலும் செல்ஃப் டேப்தான். ஒன்-நார்த்தில் இருக்கும் மீடியாகார்ப் ஒளிபரப்பு நிறுவன வளாகத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே, வீட்டில் கைப்பேசியில் எடுத்து அனுப்பிய இரண்டு நிமிடக் காட்சியைப் பார்த்துப் பலரைக் கழித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்காகப் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகளும் தேசிய சேவையில் இருக்கும் பையன்களும் முதலில் வாங்குவது இந்த ரிங் லைட் தொகுப்பைத்தான். நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. பெட்டிக்குள் 18 அங்குல எல்இடி வளையம், ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரும் ஸ்டாண்ட், வளையத்தின் நடுவில் கைப்பேசி மாட்டும் பிடி, புளூடூத் ரிமோட், அடாப்டர், தூக்கிச் செல்ல ஒரு பை என்று எல்லாம் இருக்கும்.

ஆடிஷனுக்கென்றே வாங்குவதானால் இது வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருத்தப்படவும் வேண்டாம். கடைக்காரர் படத்தில் காட்டியிருக்கும் விதத்தில் வைக்காமல், பக்கவாட்டில் திருப்பி வைத்தால் நன்றாகவே உழைக்கும்.

வளையத்தின் நடுவே கைப்பேசியை மாட்டி நேராக உட்கார்ந்தால் மூன்று கோளாறுகள் வருகின்றன. முதலாவது, கண்மணியில் வெள்ளை வட்டம் விழும். ஒப்பனைக் காணொளிக்கு அது அழகு. சோகக் காட்சியில் பார்ப்பவரின் கவனம் கண்ணீரை விட்டுவிட்டு வட்டத்துக்குப் போய்விடும். மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு இரண்டு வட்டமும் கண்ணாடியிலேயே நின்று கண்ணை மறைத்துவிடும். இரண்டாவது, வெளிச்சம் லென்ஸைச் சுற்றி நேராக வருவதால் கன்னத்து மேடு, தாடைக் கோடு எல்லாம் தட்டையாகிவிடும். மாநிறத்திலும் கருநிறத்திலும் நெற்றி மட்டும் எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும். பவுடர் போட்டாலும் முழுக்கப் போகாது, ஏனென்றால் கோளாறு தோலில் இல்லை, விளக்கு நிற்கும் கோணத்தில் இருக்கிறது.

மூன்றாவதுதான் ஆடிஷனையே கெடுப்பது. காட்சியில் எதிராளியின் வசனத்தைப் படிப்பவர் லென்ஸை ஒட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் நடிப்பவரின் இரு கண்களும் கேமராவுக்குத் தெரியும். ஆனால் வளையத்தின் குறுக்களவு 45 சென்டிமீட்டர். படிப்பவர் அதற்கு வெளியேதான் நிற்க முடியும். அவருடைய தலை லென்ஸிலிருந்து 35 முதல் 40 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்தால் பார்வை ஏறக்குறைய 20 பாகை விலகும். வந்துசேரும் வீடியோவில் ஒரு பக்கக் கன்னமும் ஒன்றரைக் கண்ணும்தான் இருக்கும். நன்றாக நடித்தவர்களின் டேப்கூட இதனால் உயிரில்லாமல் தெரிகிறது. காரணம் நடிப்பு அல்ல என்பது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

சரி, கையில் இருப்பதை எப்படிப் பயன்படுத்துவது? கைப்பேசியை வளையத்திலிருந்து கழற்றித் தனி முக்காலியில், நடிப்பவரின் கண் மட்டத்தில் வையுங்கள். விளக்கை ஒரு பக்கமாக 45 பாகையில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே ஏற்றி, முகத்தைப் பார்க்க விடாமல் வெள்ளைச் சுவரைப் பார்க்கத் திருப்புங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சுவர் பெரும்பாலும் வெள்ளையாகவே இருப்பது இங்கே உதவுகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சன்னல் வெளிச்சம்போல் மென்மையாக விழும், கண்ணில் வட்டமும் விழாது. சுவருக்கு நிறம் அடித்திருந்தால் அந்த நிறம் முகத்தில் ஏறும். அப்போது ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிடலாம். முகத்தின் மறுபக்கத்தில், ஏறத்தாழ முக்கால் மீட்டர் தள்ளி, ஒரு வெள்ளை ஃபோம் போர்டு நிறுத்தினால் நிழல் அளவாகக் குறையும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் பெரிய அளவு பலகை கிடைக்கும். ஸ்டாண்டின் கால்கள் மெலிசு. ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு காலின் மேல் வைத்துவிட்டால் ஆடாது.

அடாப்டரையும் பார்த்து வாங்க வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர்கள் சிலர் இரண்டு முனை பிளக் அனுப்புகிறார்கள். இங்கே மூன்று முனை பிளக்கும், அடாப்டரின்மேல் பாதுகாப்புச் சின்னமும் இருக்க வேண்டும். இல்லாததைத் திருப்பி அனுப்புங்கள், கன்வெர்ட்டர் மாட்டிச் சமாளிக்காதீர்கள்.

வெளிச்சத்தைக் குறைத்தால் சில விளக்குகள் படத்தில் கறுப்புப் பட்டைகளாக உருளும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அதற்கு இரண்டு காரணங்கள். மலிவான எல்இடி, வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. அதனால் விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்து, தூரத்தால் குறையுங்கள். இன்னொன்று, சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைப்பேசி வழக்கமாக நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும். கூடத்து விளக்கும் எரிந்துகொண்டிருந்தால் துடிப்பு தெரியும். ஐஃபோனில் அமைப்புகளுக்குள் கேமரா, வீடியோ பதிவு என்று போய் PAL வடிவங்களைக் காட்டும் (Show PAL Formats) பொத்தானைத் தட்டினால் 25 ஃபிரேம் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் ப்ரோ வீடியோ வசதி இருந்தால் ஷட்டரை 1/50 ஆக்குங்கள். இந்தியாவிலும் 50 ஹெர்ட்ஸ்தான், ஆகவே சென்னைக்கு அனுப்பவும் 25 ஃபிரேம் பொருந்தும்.

தோல் நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், நம் பிள்ளைகள் அதிகம் இழப்பது இங்கேதான். வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தால் கைப்பேசி சுவரைப் பார்த்து வெளிச்சத்தை அளக்கும், முகம் இருண்டுவிடும். கொஞ்சம் அசைந்தால் மறுபடி அளக்கும், நடுக்காட்சியில் முகம் கறுத்து வெளுக்கும். முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே கீழே நகர்த்தி முகம் நேரில் இருப்பதுபோல் கொண்டுவாருங்கள். சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், முக்கியமாக முன்கேமராவில், அழகூட்டும் ஃபில்டர் தானாகவே போட்டிருக்கும். அது நிறத்தை வெளுப்பாக்கும், தழும்பை அழிக்கும். அதை அணைத்தே தீர வேண்டும். இயக்குநர் தேடுவது உங்கள் நிறத்தையும் உங்கள் முகத்தையும்தான். எப்போதும் பின்கேமராவிலேயே எடுங்கள்.

பின்னணிக்குப் பச்சைத் துணி சேர்த்து விற்கிறார்கள். வேண்டாம், அந்தப் பச்சை தாடையில் ஏறும். அரபு ஸ்திரீட்டிலோ பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸிலோ மங்கிய சாம்பல் அல்லது நீலத் துணி மூன்று மீட்டர் வாங்கி இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டால் போதும். துணிக்கும் முதுகுக்கும் இடையே ஒரு மீட்டராவது விடுங்கள். மூன்று மீட்டர் அறையில் மீதி இரண்டு மீட்டர்தான் இருக்கும். அதற்குள் கைப்பேசியை மிக அருகில் கொண்டுவந்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்து 2x லென்ஸில் எடுப்பது நல்லது. பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் வகைகள் முடி ஓரத்தைச் சிதைக்கும், தொடாதீர்கள். கைப்பேசியைப் படுக்கவைத்து, மார்புக்கு மேலே சட்டகம்.

இந்தத் தொகுப்பில் இல்லாத ஒரு பொருள்தான் உண்மையில் முதலில் வாங்க வேண்டியது: மைக். மங்கலான படத்தைக்கூடப் பொறுத்துப் பார்ப்பார்கள், வசனம் கேட்காத டேப்பைப் பத்து நொடியில் மூடிவிடுவார்கள். சட்டையில் குத்தும் வயர் மைக் ஒன்றே போதும். ஆனால் அதன் முனையில் கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். கைப்பேசிக்கு மூன்று வளையம் உள்ள முனை வேண்டும். இரண்டு வளையம் உள்ளது கேமராவுக்கானது. அதைச் செருகினால் கைப்பேசி ஒன்றும் சொல்லாது, தன் சொந்த மைக்கிலேயே பதிவுசெய்துகொண்டிருக்கும். பதிவைத் தொடங்கி மைக்கை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். திரும்பப் போடும்போது கரகரவென்று பெரிதாகக் கேட்டால்தான் அது வேலை செய்கிறது. ஐஃபோனில் செருகும் துளை 15 முதல் யுஎஸ்பி-சி, அதற்கு முந்தியவற்றுக்கு லைட்னிங். மைக் முனையை அதில் மாட்டும் அடாப்டரையும் சேர்த்தே வாங்குங்கள்.

மைக்கை முகவாய்க்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் குத்துங்கள். பட்டுப்புடவையும் கஞ்சி போட்ட ஜிப்பாவும் உரசும், பருத்தி உரசாது. சங்கிலியைக் கழற்றுங்கள். வயர்லெஸ் மைக் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள இரைச்சல் நீக்கியை அணைத்துவிட்டு எடுங்கள். அது மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்து மெதுவாகச் சொல்லும் சொற்களின் முடிவையும் தின்றுவிடும், 'போகிறேன்' என்பது 'போகிறே' என்று வந்து நிற்கும். அதற்குப் பதிலாக மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் டேக் எடுக்கும் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். துணிமணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்து வைத்தால் எதிரொலி குறையும்.

நேரம் பார்த்து எடுப்பதும் முக்கியம். அக்கம்பக்கத்தில் புதுப்பிப்பு வேலை நடந்தால், சுவர் உடைக்கும் பெருஞ்சத்த வேலைகளுக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனி, ஞாயிறில் உடைப்புச் சத்தம் இருக்கக் கூடாது. விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று நம்பி எழுந்தால் குயில் விடாது. இரவு ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையே பெரும்பாலும் நன்றாக இருக்கும். கத்திச் சண்டை போடும் காட்சி என்றால் கீழ்வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். வீட்டில் வழியே இல்லாதவர்கள் குட்மன் கலை நிலையத்திலோ அலிவால் கலை நிலையத்திலோ அறை வாடகைக்குக் கேட்கலாம். ஆனால் நடனப் பயிற்சிக்கான கண்ணாடி அறையை எடுத்துவிடாதீர்கள், குரல் கிணற்றுக்குள் பேசியதுபோல் வரும்.

எதிர் வசனம் படிப்பவர் நடிக்கக் கூடாது. உணர்ச்சி இருக்கட்டும், குரல் தணிந்திருக்கட்டும். அவர்தான் மைக்குக்கு வெளியே இருக்கிறார், இருந்தும் பல டேப்களில் அவர் குரல்தான் உரக்கக் கேட்கிறது. சென்னைக் கதாபாத்திரம் என்றால் அந்த ஊர்ப் பேச்சு நாவில் ஊறிய ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். எதிரிலிருப்பவர் பேசும் ஓசை நம் நாக்கிலும் தொற்றும், வாக்கியத்தின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும் நம்ம ஊர் 'லா' தானாக உதிர்ந்து போய்விடும்.

தேசிய சேவையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொகுப்பின் பையும் எடையும் தொல்லைதான். முகாமுக்குள் எடுக்க முடியாது, வார இறுதி ஒன்றுதான் வழி. சிறிய பலகை எல்இடி ஒன்று, முக்காலி, வயர் மைக் என்றால் முதுகுப்பையில் அடங்கும், பதினைந்து நிமிடத்தில் தயாராகிவிடலாம். பலகை விளக்கு வாங்கும்போது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 95க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே போனால் கருநிறத் தோல் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். பெனின்சுலா பகுதிக் கேமராக் கடைகளில் உங்கள் கைப்பேசியையே கொண்டுபோய், விளக்கை முகத்தில் காட்டிப் படமெடுத்துப் பார்த்து வாங்குங்கள். டேப்பில் உங்களைப் பற்றிச் சொல்லும் அறிமுகப் பகுதியில் சேவை முடியும் மாதத்தையும் சொல்லிவிடுங்கள். தலைமுடி எப்போது வளரும் என்பது ஆள் எடுப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த அறிமுகத்தில் பெயர், வயது, உயரம், பேசும் மொழிகள், பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், முழு உருவம். 30 நொடிக்குமேல் வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பள்ளிச் சீருடையில் எடுக்கக் கூடாது, வீட்டு முகவரியைச் சொல்லக் கூடாது. அனுப்புவதும் பெற்றோரின் எண்ணிலிருந்தே இருக்கட்டும்.

வீடியோவின் தரம் 1080பி போதும். ஐஃபோனில் நிமிடத்துக்கு 60 எம்பி அளவில் முடியும், 4கே என்றால் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும், மேலே சொன்ன விளக்கு வேலையெல்லாம் வீணாகும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் கதாபாத்திரத்தின் பெயரும் இருக்கட்டும். சென்னை நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். அங்கே மாலை 6 மணிக்குள் என்றால் இங்கே இரவு எட்டரை வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. அனுப்பிய பிறகு அசல் கோப்பை அழிக்காதீர்கள், இடம் குறிக்கத் தரையில் ஒட்டுப்பட்டை ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்காதீர்கள், அன்று போட்ட சட்டையைத் துவைத்து மாட்டி வையுங்கள். மறுபடி கூப்பிடுபவர்கள் பெரும்பாலும் கேட்பது அதே சட்டகத்தில், அதே உடையில், வசனத்தை மட்டும் வேறு மாதிரிச் சொல்லி இன்னொரு டேக்.