ப்யாடகி வத்தல்: எட்டு போட்டு அரைத்தாலும் கண்ணில் தண்ணீர் வராது

எங்கள் வீட்டில் காரச் சட்னி அரைக்கிற நாளெல்லாம் சின்ன மகளுக்காகத் தேங்காய்ச் சட்னியும் அரைக்க வேண்டியிருந்தது. காரம் குறைந்து நிறம் தூக்கலாக இருக்கிற கர்நாடக மிளகாயான ப்யாடகி வத்தல் வாங்க ஆரம்பித்த பிறகு எல்லோருக்கும் ஒரே சட்னிதான். எட்டு வத்தல், நாலு பல் பூண்டு, கொஞ்சம் புளி, உப்பு, மேலே தாராளமாக நல்லெண்ணெய். அவள் தண்ணீர் கேட்காமல் நாலு இட்லி சாப்பிடுகிறாள். ஒரு வருஷமாக இதைச் சமைத்துப் பார்த்து, மொட்டை மாடியில் நட்டும் பார்த்துவிட்டதால் சொல்கிறேன், வாங்குங்கள். ஆனால் பார்த்து வாங்குங்கள்.

முதல் தடவை ஆன்லைனில் ஒருவரிடம் அரைக்கிலோ வாங்கி ஏமாந்தேன். பாக்கெட்டின் மேல்பக்கம் நல்ல சிவப்பு. ஒன்றைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே விதையைச் சுற்றி சாம்பல் நிறத்தில் பூஞ்சை, பழைய கோணிச்சாக்கு வாசனை. எடை கூடுவதற்காகத் தண்ணீர் தெளித்துக் கட்டியிருந்தால் இப்படித்தான் ஆகும். அன்றிலிருந்து எந்தக் கடையில் வாங்கினாலும் ரெண்டு வத்தலைக் கிழித்துப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை.

அடுத்த முறை ஹூப்ளி பக்கம் போன வேலையோடு ஹாவேரி மாவட்டத்தில் இருக்கிற ப்யாடகி ஊருக்கே போய்விட்டேன். பிப்ரவரி மாதம், புது வத்தல் வந்து குவிகிற நேரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்பு மூட்டைகள். காரம் குறைந்த மிளகாய் என்றாலும் அவ்வளவும் ஒரே இடத்தில் இருந்தால் தும்மல் நிற்காது, கைக்குட்டை கொண்டு போங்கள். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே டப்பியா, கட்டியா என்பதுதான். கட்டி என்றால் கன்னடத்தில் குச்சி. பெயருக்கு ஏற்ற மாதிரி நீளமாக, ஒல்லியாக, தோல் முழுக்கச் சுருக்கம் விழுந்து, விதை குறைவாக இருக்கும். டப்பி குட்டையாகக் கொஞ்சம் பருத்து, விதை அதிகமாக இருக்கும், நிறமும் வாசனையும் அதில்தான் தூக்கல். 2043 என்ற எண்ணைச் சொல்லி விலை குறைத்துக் கொடுத்தால் அது ஹைப்ரிட், நாட்டு ரகம் இல்லை. 2011-இல் புவிசார் குறியீடு வாங்கியது இந்த ப்யாடகி மிளகாய். நான் ரெண்டிலும் ஒரு கிலோ எடுத்தேன். எங்கள் ஊரில் குண்டூர் வத்தலுக்குக் கொடுக்கிறதைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விலை. டப்பிக்கு அந்தக் காசு தகும். கட்டிக்கு எனக்கு மனசு வரவில்லை.

சமைக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்தச் சிவப்பு எண்ணெயில்தான் முழுசாக இறங்கும், தண்ணீரில் இறங்காது. காம்பைக் கிள்ளி, விதையை உதறி, வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, நெய்யில் சின்னத் தீயில் வதக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் விழுது சட்டியை விட்டு ஒதுங்கி ஓரத்தில் சிவப்பு நெய் கசிந்து நிற்கும். குந்தாபுரத்துக் கோழி நெய் ரோஸ்ட்டுக்கு அந்த நிறம் வருவது இப்படித்தான். கலர் பொடி எதுவும் வேண்டாம். தாளிப்பில் மட்டும் போடாதீர்கள், சட்டென்று கருகிக் கசந்துவிடும். ரசப்பொடிக்கும் இது தனியாகப் போதாது, மூணு பங்கு ப்யாடகிக்கு ஒரு பங்கு ராமநாதபுரம் குண்டு வத்தல் சேர்த்தால்தான் தொண்டையில் பிடிக்கிறது.

டப்பி விதையை ஆடியில் தூவி, நாற்பது நாள் நாற்றை மூணு தொட்டியில் நட்டேன். இலை சுருட்டல் வந்து ஒரு செடி போனது, மற்ற ரெண்டும் தை மாதம் பழுத்தன. பழம் சிவந்ததும் பறிக்காமல் செடியிலேயே வாடித் தொய்ய விட வேண்டும், அப்போதுதான் நிறம் முழுசாக ஏறும். பிறகு பாயில் பரப்பி பத்து நாள் வெயில், ராத்திரி பனி படாமல் மூடி வைக்க வேண்டும். குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும், வளைத்தால் நொறுங்கக் கூடாது, அதுதான் பக்குவம். நாலு கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோ வத்தல் தேறும் என்பார்கள், எனக்குக் கிடைத்தது ரெண்டு கைப்பிடி. வாசனை கடையில் வாங்கியதைவிட ஒரு படி மேல்.

வெளிச்சமும் சூடும் பட்டால் ஆறே மாதத்தில் நிறம் வெளுத்துவிடுகிறது. ப்யாடகியைச் சுற்றி அத்தனை குளிர்பதனக் கிடங்குகள் இருப்பது அதற்காகத்தான். நான் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். கண்ணாடி ஜாடியில் அடுப்புப் பக்கத்தில் வைத்த கட்டி இப்போது செங்கல் நிறத்தில் இருக்கிறது. வருகிற பிப்ரவரியில் டப்பி மட்டும் ரெண்டு கிலோ, அதில் அரைக்கிலோ அக்காவுக்கு.