ஏடிஆர் விமானமும் என் அச்சமும்: சேலம்–சென்னைப் பயண அனுபவம்

தருமபுரியில் குடியிருந்து, காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, ஏற்றுமதி ஆவணங்களோடு சென்னைக்குப் போய்வருவது பல ஆண்டுகளாக வழக்கமான வேலை. 2018 மார்ச்சில், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் சேலத்திலிருந்து சென்னைக்கு விமானம் விடப்பட்டபோது, சாலையில் ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும் பயணம் வானில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று சொல்லி, அலுவலகத்தில் எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்தார்கள். 2021-இல் நின்றுபோன அந்தச் சேவை 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளி நீங்கலாக நாற்பது முறைக்கு மேல் இந்தச் சிறிய விமானங்களில் ஏறி இறங்கிவிட்டேன். முதல் நாள் வந்த பயம் இன்னும் முழுவதுமாகப் போகவில்லை. ஆனால் அதில் எது குறைந்தது, எது குறையவில்லை என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியும்.

இந்தத் தடத்தில் நான் பறந்ததெல்லாம், இறக்கையில் இரண்டு காற்றாடிகள் (புரொப்பெல்லர்) சுழன்று இழுத்துச் செல்லும் ஏடிஆர் 72 வகை விமானம். எழுபதுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கைகள், நடைபாதையின் இருபுறமும் இரண்டிரண்டாக இருக்கும். ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் ஓடுபாதைக்கு அருகிலேயே நடந்து போய்ப் படியேற வேண்டும் என்பதால், ஆறு இலைகள் கொண்ட காற்றாடியை மிக அருகில் பார்க்க நேர்கிறது. முதல் பயணத்தில் வலப்பக்க எஞ்சின் இரைந்துகொண்டிருக்க, அதன் காற்றாடி மட்டும் அசையாமல் நின்றது. பழுதான வண்டியில் ஏற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். இந்த விமானத்தின் வாலில் தரையில் மின்சாரம் தருவதற்கென்று தனியாக ஒரு சிறு எஞ்சின் கிடையாது, அதனால் வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டுக் காற்றாடியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைக்கிறார்கள் என்பது மூன்றாவது பயணத்திற்குப் பிறகுதான் தெரிந்தது. அது தெரிந்த நாளிலிருந்து, படியேறும்போது கால் நடுங்குவது நின்றது.

அதைவிடப் பெரிய பயம் மேலே கிளம்பிய பிறகு வரும். தரையை விட்ட சிறிது நேரத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று இறங்கும். வயிற்றில் ஒரு பள்ளம் விழும். விமானமே கீழே போகிறது என்று உடம்பு நம்பிவிடும். கிளம்புவதற்கு முழு வேகத்தில் சுற்றிய காற்றாடியை, ஏறும் கட்டத்தில் ஏறக்குறைய 82 விழுக்காட்டுக்குக் குறைப்பதால் வரும் மாற்றம் அது. பக்கத்து இருக்கையில் இருந்த ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர், "பயப்படாதீங்க தம்பி, கியர் மாத்துறாங்க, அவ்ளோதான்" என்றார். தொழில்நுட்பப்படி அது கியர் அல்ல. ஆனால் தொப்பூர் கணவாயில் லாரியின் சத்தம் மாறுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, எந்த விளக்கத்தையும் விட அந்த ஒரு வரி உதவியது.

சேவை நின்றிருந்த காலத்தில், 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் ஓர் ஏடிஆர் 72 விழுந்து, அதிலிருந்த 72 பேரும் இறந்தார்கள். தவறான நெம்புகோல்கள் நகர்த்தப்பட்டதால் இரண்டு காற்றாடிகளும் உந்துவிசை தராத நிலைக்குப் போய்விட்டன என்று விசாரணையில் தெரிந்தது. காரணம் தெரிந்தால் பயம் குறையும் என்ற என் நம்பிக்கை இந்த இடத்தில் பலிக்கவில்லை. அக்டோபரில் மீண்டும் டிக்கெட் எடுத்தபோது, "ஏங்க, பஸ்லயே போய்ட்டு வாங்களேன்" என்று மனைவி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. போனேன், அந்த ஒரு மணி நேரமும் கைப்பிடியை விடவே இல்லை.

குலுக்கலைப் பொறுத்தவரை, மாதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது என் முடிவு. பெரிய ஜெட் விமானங்கள் முப்பதாயிரம் அடிக்கு மேல் போய்விடும். ஏடிஆரின் உச்ச வரம்பே 25,000 அடி. குறுந்தூரப் பயணத்தில் அவ்வளவு உயரம்கூடப் போவதில்லை. அதனால் மேகத்திற்கு மேலே போய்த் தப்பாமல் பல நேரம் மேகத்தின் ஊடாகவே போக வேண்டியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் வெயிலால் சூடேறிய மலைகளிலிருந்து காற்று மேலெழும்பும்போது, சேர்வராயன் மலைப் பக்கம் நன்றாகத் தூக்கிப் போடும். தை, மாசியில் அதே வழியில் தண்ணீர்க் குவளை அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இருக்கையில் நான் பலவற்றையும் முயன்று பார்த்தேன். முன்வரிசைகளில் காற்றாடியின் இரைச்சல் காதை அடைக்கிறது. கடைசி வரிசைகள் சத்தம் குறைவானவை, ஆனால் குலுக்கலில் அதிகம் ஆடுபவை. இறக்கைக்குக் கீழே, நடுவில், ஜன்னலோரம் எனக்கு ஏற்ற இடம். இறக்கை உடலின் மேல் பொருத்தப்பட்டிருப்பதால் வெளியே எதுவும் மறைக்காது. இறங்கும்போது வயிற்றுப் பகுதியிலிருந்து சக்கரங்கள் வெளியே வந்து நிற்பதைக் கண்ணால் காணலாம். 'டொம்' என்று ஒரு சத்தம், பிறகு சக்கரம் காற்றில் அசையாமல் தொங்கும். ஓடுபாதையைத் தொட்ட நொடியில் ரப்பரிலிருந்து வெண்புகை கிளம்பி, நின்றிருந்த சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழலத் தொடங்கும். அந்தப் புகையைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சை விடுவேன்.

ஒரு குறையை மட்டும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை சென்னையில் கனமழையில் தரைக்கு மிக அருகில் வந்தபின், எஞ்சின் முழு வேகத்தில் அலற விமானம் மீண்டும் மேலே ஏறியது. ஓடுபாதை சரியாகத் தெரியாதபோது அப்படி ஏறிச் சுற்றி வருவதுதான் பாதுகாப்பான வழக்கம் என்று இன்று அறிவேன். ஆனால் அன்று பத்து நிமிடம் விமானிகளோ பணிப்பெண்களோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு எதிர்ப்பக்கத்தில் ஓர் அம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். இன்னொரு நாள், பயணிகள் குறைவாக இருந்ததால் எடை சமநிலைக்காகச் சிலரை வேறு வரிசைக்கு மாறச் சொன்னார்கள். அதற்கும் காரணம் சொல்லவில்லை, நாங்களாக ஏதேதோ கற்பனை செய்துகொண்டோம். எழுபது பேரை நோக்கித் தமிழில் இரண்டு வாக்கியம் பேசுவது அவ்வளவு பெரிய வேலையா?

மாம்பழப் பருவம் முடிந்து ஆவணங்கள் குவியும் ஆடி, ஆவணியில் இப்போது நான் தயங்காமல் விமானத்தில் போகிறேன். ஐப்பசி, கார்த்திகையில், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று வானிலை அறிக்கை வந்தால், முதல் நாள் இரவே தருமபுரியில் பேருந்து ஏறிவிடுகிறேன்.